ஷால்மெல்-லாக்கூர்: வகுப்பறையிலிருந்து தூதரகத்துக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சில் 1870-இல் பிறந்த மூன்றாம் குடியரசைப் பற்றிப் படிப்பவர்கள் அதன் அரசியல் தலைவர்களான காம்பெத்தாவையும் ஃபெரியையும் எளிதில் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அவ்விருவருக்கும் அருகிலேயே நின்ற போல்-அமான் ஷால்மெல்-லாக்கூர் என்ற பெயர் வரும்போது மட்டும் ஏறத்தாழ ஒரே மாதிரியான ஐயங்களே திரும்பத் திரும்ப எழுகின்றன. நான் பலமுறை கேட்ட அக்கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

1827 மே 19 அன்று நார்மண்டியின் அவ்ராஞ்ஷ் ஊரில் பிறந்தவர். பாரிஸின் எக்கோல் நோர்மால் சுப்பேரியரில் பயின்று, தத்துவ ஆசிரியராகி, 1851-ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர். சூரிக்கில் பேராசிரியராக இருந்து, நாடு திரும்பி எழுத்தால் பிழைத்து, 1870-இல் லியோன் நகரின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். அதன் பிறகு தேசிய அவை உறுப்பினர், செனட்டர், பெர்னிலும் லண்டனிலும் தூதர், வெளியுறவு அமைச்சர், செனட்டின் தலைவர் என்று வளர்ந்து, 1896 அக்டோபர் 26 அன்று பாரிஸில் காலமானார்.

பட்டியலாகப் பார்த்தால் ஏறுமுகமான வாழ்க்கையாகத் தெரியும். அருகில் சென்று பார்த்தால், ஒவ்வொரு பதவியிலும் சற்றுப் பொருந்தாமலேயே அமர்ந்திருந்த ஒரு மனிதர் தென்படுகிறார். அந்தப் பொருந்தாமைதான் எனக்கு இவரிடம் ஈடுபாட்டை உண்டாக்கியது.

பிரான்ஸ்தான் குடியரசு நாடாயிற்றே, 'குடியரசுவாதி' என்று ஒருவரைத் தனியாக ஏன் குறிப்பிட வேண்டும்?

இன்றைய பிரான்சை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்பதால் எழும் ஐயம் இது. இவர் பிறந்தபோது நாட்டை ஆண்டது பூர்பொன் அரச வம்சம். 1830-இல் அது போய் ஓர்லேயான் வம்சம் வந்தது; 1848-இல் அதுவும் போய் இரண்டாம் குடியரசு பிறந்தது; அக்குடியரசின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லூயி-நெப்போலியனே 1851 டிசம்பர் 2 அன்று படையைக் கொண்டு அவையைக் கலைத்து, மறு ஆண்டு பேரரசரானார். இருபத்தைந்து வயதுக்குள் இத்தனை ஆட்சிகளைப் பார்த்த தலைமுறையில், குடியரசுவாதியாக இருப்பது வேலையையும் வீட்டையும் பணயம் வைத்து எடுக்கும் முடிவாகவே இருந்தது.

வெறும் பள்ளி ஆசிரியரை நாடு கடத்தும் அளவுக்கு அவர் என்ன செய்துவிட்டார்?

துப்பாக்கி எதையும் தூக்கவில்லை. குடியரசுக் கொள்கையை மறைக்காமல் இருந்தார், அவ்வளவுதான். போ நகரிலும் பிறகு லிமோஜிலும் அரசு லிசேயில், அதாவது உயர்நிலைப் பள்ளியில், தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த அவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு. புதிய ஆட்சி ஆசிரியர்களைச் சந்தேகத்துடன் பார்த்ததற்குக் காரணம் உண்டு. பிரான்சில் தத்துவ வகுப்பு என்பது லிசேயின் இறுதி ஆண்டில், விரைவில் வாக்குரிமை பெறப்போகும் இளைஞர்களுக்கு நடப்பது. அங்கே நிற்பவர் என்ன நினைக்கிறார் என்பது ஆட்சிக்குத் தேவையான செய்தியாக இருந்தது. பின்னர் அரசு ஊழியர்களிடம் விசுவாச உறுதிமொழி கேட்கப்பட்டபோது, வெளியேற்றப்படாத பல ஆசிரியர்களும் தாமாகவே வேலையைத் துறந்தார்கள்.

சூரிக்கில் அவர் என்ன செய்தார்?

பல நாடுகளில் அலைந்த பின், 1856-இல் சூரிக் பாலிடெக்னிக்கில் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியரானார். 1855-இல் தொடங்கப்பட்டிருந்த அந்நிறுவனம், சொந்த நாட்டில் இடமில்லாத அறிஞர்கள் பலருக்கு நிழலாக இருந்தது. கட்டடக் கலைஞர் கோட்ஃபிரீட் செம்பர் அங்கே கற்பித்தார். இத்தாலிய இலக்கியத்துக்கு நேப்பிள்ஸிலிருந்து துரத்தப்பட்ட பிரான்செஸ்கோ தே சாங்க்டிஸ் வந்து சேர்ந்தார். இவர் பிரெஞ்சும் அவர் இத்தாலியமும் கற்பித்த அதே நிறுவனத்திலிருந்து புறப்பட்டு, தே சாங்க்டிஸ் ஒன்றுபட்ட இத்தாலியின் கல்வி அமைச்சரானார். ஷால்மெல்-லாக்கூர் பிரான்சின் வெளியுறவு அமைச்சரானார்.

அந்நகரில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரும் அரசியல் அகதியாகத்தான் வாழ்ந்துவந்தார். வாக்னரின் நான்கு இசை நாடகங்களின் கவிதைப் பகுதியைப் பிரெஞ்சு உரைநடையில் பெயர்த்தவர் ஷால்மெல்-லாக்கூர்தான். பாரிஸில் தம் படைப்பை மேடையேற்ற முயன்றுகொண்டிருந்த வாக்னருக்கு அந்த மொழிபெயர்ப்பு பிரெஞ்சு வாசகர்களிடம் ஓர் அறிமுகமாக உதவியது.

ஜெர்மன் தத்துவ அறிஞர் ஷோபன்ஹவரை நேரில் சந்தித்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1859-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் சந்தித்தார். ஷோபன்ஹவர் நாள்தோறும் 'ஆங்கிலேயர் விடுதி' என்ற விடுதியின் பொது மேசையில் மதிய உணவு உண்பவர்; அங்கே அயலூரிலிருந்து தம்மைக் காண வருபவர்களுடன் நீண்ட நேரம் உரையாடுவார். உபநிடதங்களின் இலத்தீன் மொழிபெயர்ப்பைத் தம் வாழ்நாளின் ஆறுதல் என்று போற்றியவர் அவர். தம் வளர்ப்பு நாய்க்கு 'ஆத்மா' என்று பெயரிட்டிருந்ததும், வீட்டில் பொன்முலாம் பூசிய புத்தர் சிலை ஒன்றை வைத்திருந்ததும் பலரும் அறிந்தவை. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

ஷால்மெல்-லாக்கூர் இச்சந்திப்பை உடனே எழுதிவிடவில்லை. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மனத்தில் வைத்திருந்து, 1870 மார்ச் மாதத்தில் 'ரெவ்யூ தெ தெ மோந்த்' இதழில், ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு சமகாலப் பௌத்தர் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். ஷோபன்ஹவரின் பெயர் பிரெஞ்சு வாசகர்களிடையே பரவியதில் அக்கட்டுரைக்குப் பங்குண்டு.

நாடு கடத்தப்பட்டவர்களுக்குப் பேரரசர் 1859-இல் அளித்த பொது மன்னிப்பை எழுத்தாளர் விக்தோர் ஹ்யூகோ மறுத்தாரே, இவர் மட்டும் ஏற்றது சரணாகதி இல்லையா?

ஹ்யூகோவுக்கு உலகப் புகழும் நூல் வருமானமும் இருந்தன. குவெர்ன்சே தீவிலிருந்தபடியே அவரால் பேரரசரை எதிர்க்க முடிந்தது. இவர் திரும்பியது பதவி தேடி அன்று. பாரிஸில் வரலாறும் கலையும் பற்றிச் சொற்பொழிவுத் தொடர் ஒன்றை நடத்தத் திட்டமிட்டார். அரசு அதை உடனே தடை செய்தது. அரசு வேலையை நாடாமல், இதழ்களில் எழுதியே பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். 1868-இல் காம்பெத்தா முதலிய நண்பர்களுடன் அரசியல் வார இதழ் ஒன்றையும் தொடங்கினார். இதைச் சரணாகதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவரை 'அறிஞர்' என்று சொல்வது மிகையோ? அப்படி என்ன எழுதிவிட்டார்?

அளவில் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹைன்ரிஹ் ரிட்டரின் தத்துவ வரலாற்றை 1861-இல் மொழிபெயர்த்தார். பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளரான தெப்பினே சீமாட்டியின் படைப்புகளை 1869-இல் பதிப்பித்தார். இவ்விரண்டுக்கும் நடுவில், 1864-இல், வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் பற்றித் தனிமனிதத் தத்துவம் என்ற தலைப்பில் அவர் வெளியிட்ட ஆய்வுதான் முதன்மையானது.

இந்நூலின் பொருளை யாரும் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது. ஹும்போல்ட் மொழியியல் அறிஞர். அரசின் அதிகாரம் எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்று ஆராய்ந்து, தனிமனிதன் தன் இயல்பை முழுமையாக வளர்த்துக்கொள்வதே மேலான நோக்கம் என்று வாதிட்டவர். அதே ஹும்போல்ட் பிரஷ்யாவின் தூதராக ரோமிலும் வியன்னாவிலும், 1817-இல் லண்டனிலும் பணியாற்றினார். ஓர் அறிஞர் தூதராகும்போது அவருடைய அறிவுக்கு என்ன நேர்கிறது என்பதை, தமக்கு அது நேரும் முன்பே, வேறொருவர் வாழ்க்கையில் வைத்து ஷால்மெல்-லாக்கூர் ஆராய்ந்திருக்கிறார். பதினாறு ஆண்டுகள் கழித்து அவரே லண்டனுக்குத் தூதராகச் சென்றார்.

புத்தகமும் கையுமாக இருந்தவர் திடீரென்று லியோனை ஆளப் போனது எப்படி?

1870 செப்டம்பர் 2 அன்று செதான் போரில் பேரரசர் லூயி-நெப்போலியன் பிரஷ்யரிடம் சரணடைந்தார். 4-ஆம் தேதி பாரிஸில் குடியரசு அறிவிக்கப்பட்டது. உள்துறையை ஏற்ற காம்பெத்தா, பேரரசின் பிரிஃபெக்களை, அதாவது நம் ஊர் ஆட்சியரைவிட அதிகாரம் மிகுந்த மாவட்டத் தலைமை அலுவலர்களை, ஒரே மூச்சில் மாற்ற வேண்டியிருந்தது. ஆட்சி அனுபவம் உள்ள குடியரசுவாதிகள் யாரும் இல்லை. இருபது ஆண்டுகளாக அவர்கள் ஆட்சிக்கு வெளியே இருந்தவர்கள். ஆகவே வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் பேராசிரியர்களும் பிரிஃபெக்கள் ஆனார்கள். ஷால்மெல்-லாக்கூருக்கு, லியோனைத் தலைநகராகக் கொண்ட ரோன் மாவட்டம் தரப்பட்டது.

அவர் லியோனுக்குப் போய்ச் சேர்ந்தபோது நகர மாளிகையில் பாதுகாப்புக் குழு ஒன்று ஏற்கெனவே அமர்ந்திருந்தது; கட்டடத்தின் மேல் மூவண்ணக் கொடிக்குப் பதிலாகச் செங்கொடி பறந்தது. லியோன் பாரிஸுக்கு முன்பே, அதே 4-ஆம் தேதி காலையில், தானாகவே குடியரசை அறிவித்திருந்தது. பிரிஃபெ தம் அலுவலகத்திலேயே ஏறத்தாழச் சிறைப்பட்டவர் போல இருந்தார். செப்டம்பர் 28-இல் ரஷ்யப் புரட்சியாளர் பக்கூனின் தம் தோழர்களுடன் நகர மாளிகையைக் கைப்பற்ற முயன்று சில மணி நேரத்தில் தோற்றார். டிசம்பரில் தேசியக் காவல் படையின் அதிகாரி ஆர்னோ, குருவா-ரூஸ் பகுதியில் கூட்டத்தால் கொல்லப்பட்டார். ஒருபுறம் பிரஷ்யப் படை, மறுபுறம் கிளர்ச்சி, நடுவில் ஐந்து மாதங்கள். 1871 பிப்ரவரி 5 அன்று அவர் பதவி விலகினார். செங்கொடி அவர் போன பிறகுதான் இறங்கியது.

"அவர்களையெல்லாம் சுட்டுத்தள்ளுங்கள்" என்று எழுதியவர் இவர்தானே?

லியோனின் ஐந்து மாதங்கள் அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்ததற்கு இதுவே காரணம். ஜிரோந்து மாவட்டத்திலிருந்து வந்திருந்த பட்டாலியன் ஒன்று லியோனுக்கு வெளியே தங்கியிருந்தபோது, அங்குள்ள நகராட்சியினருடன் அதற்குத் தகராறு ஏற்பட்டது. அதுபற்றி வந்த புகாரில் பிரிஃபெ இந்த வாக்கியத்தைக் குறிப்பாக எழுதினார் என்பது குற்றச்சாட்டு. 1873 தொடக்கத்தில் தேசிய அவையில் முடியாட்சித் தரப்பினர் இதை எழுப்பினார்கள், அவர் மறுத்தார். எழுப்பியவர்களில் முதன்மையானவர் அப்பட்டாலியனின் தளபதியாக இருந்த காரையோன்-லத்தூர். யாரும் சுடப்படவில்லை என்பதற்கு அத்தளபதி அவையில் எழுந்து நின்று பேசியதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அவ்வாக்கியம் எழுதப்பட்டதா என்ற கேள்வி அரசியல் சண்டையாகவே நீடித்துவிட்டது. என் கருத்தில், அது நீடித்ததற்குக் காரணம் அதன் பொருத்தம்தான்: படித்த குடியரசுவாதி அதிகாரம் கிடைத்ததும் கொடுங்கோலனாவான் என்று நம்ப விரும்பியவர்களுக்கு அது கச்சிதமான கதையாக அமைந்தது.

வெளியுறவுத் துறையில் ஒருநாள்கூட வேலை பார்க்காதவரைத் தூதராக்கினார்கள் என்றால், அது வெறும் கட்சிச் சலுகைதானே?

கட்சி நியமனம்தான், ஆனால் காரணம் இருந்தது. 1871-க்குப் பிறகு பெயருக்குக் குடியரசு நடந்ததே தவிர, மக்மாஓன் அதிபராக இருந்த வரையில் தூதரகங்கள் பெரும்பாலும் பிரபுக்களின் கையிலேயே இருந்தன. குடியரசை விரும்பாதவர்களே அதன் சார்பில் அயல்நாட்டு அரசவைகளில் பேசிக்கொண்டிருந்தார்கள். செனட்டிலும் குடியரசுவாதிகள் பெரும்பான்மை பெற்று, 1879 ஜனவரி இறுதியில் மக்மாஓன் விலகி கிரேவி அதிபரானபோது நிலைமை மாறியது. நம்பத் தகுந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அயல்மொழி அறிந்த, அயல்நாட்டில் வாழ்ந்த குடியரசுவாதிகளைத் தேடினால், நாடு கடத்தப்பட்ட அறிஞர்களே கிடைத்தார்கள். பேரரசு தண்டனையாகக் கொடுத்த அயல்வாசம் குடியரசுக்குத் தகுதிச் சான்றாயிற்று.

1879-இல் அவர் பெர்னுக்கு அனுப்பப்பட்டதை இப்படித்தான் பார்க்க வேண்டும். வேலை தேடி வந்த அகதியாக இருபது ஆண்டுகளுக்கு முன் எந்த நாடு அவருக்குச் சோறிட்டதோ, அதே நாட்டுக்குப் பிரான்சின் தூதராகத் திரும்பினார்.

இப்படிப்பட்ட பதவிகளில் அமர்ந்த அறிஞர் இவர் ஒருவர் மட்டும் அல்லர். அரிஸ்டாட்டிலை மொழிபெயர்த்து, புத்தரைப் பற்றி நூலெழுதிய பார்தெலெமி-சேன்-இலேர் 1880-இல் வெளியுறவு அமைச்சரானார். ஷால்மெல்-லாக்கூருக்குப் பின் லண்டனுக்குத் தூதராகச் சென்ற தீசோ ரோமானிய ஆப்பிரிக்காவை ஆராய்ந்தவர். அவருக்குப் பின் சென்ற வாடிங்டன் பழங்கால நாணயங்களிலும் கல்வெட்டுகளிலும் பெயர்பெற்றவர்.

லண்டனில் அவரை ஏற்க மறுத்தார்களாமே?

அரசு மறுக்கவில்லை, நாடாளுமன்றத்தில் ஒருவர் கேள்வி எழுப்பினார். 1880 ஜூன் மாதத்தில், அயர்லாந்து உறுப்பினர் ஃபிராங்க் ஹியூ ஓ'டொனல், மேலே சொன்ன லியோன் குற்றச்சாட்டையும், அங்கே ஒரு கத்தோலிக்கத் துறவியர் இல்லம் சூறையாடப்பட்ட விவகாரத்தையும் சேர்த்து, இப்படிப்பட்டவரைத் தூதராக ஏற்கலாமா என்று கேட்டார். வெளியுறவுத் துணை அமைச்சர் டில்க் குற்றச்சாட்டுகளை மறுத்துப் பதில் சொன்னார். ஓ'டொனல் அத்துடன் விடாமல் அவையை ஒத்திவைக்கும் தீர்மானத்தின் வழியாகத் தொடர முயன்றபோது, பிரதமர் கிளாட்ஸ்டன், அவ்வுறுப்பினர் மேற்கொண்டு பேச அனுமதிக்கப்படக் கூடாது என்றே தீர்மானம் கொண்டுவந்தார். நெடுங்காலமாகப் பயன்படாமல் கிடந்த முறை அது. தூதரைப் பற்றிய விவாதம் உறுப்பினர்களின் பேச்சுரிமை பற்றிய விவாதமாக மாறி மணிக்கணக்கில் நீண்டது.

இக்காட்சியில் என் மனம் நிற்பது ஒரே இடத்தில்தான்: பேச்சுரிமை இல்லாத நாட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒருவரைக் காப்பதற்காக, பேச்சுரிமைக்குப் பேர்போன அவையில் ஒருவரின் வாயை அடைக்க முயன்றார்கள்.

சரி, அவர் நல்ல தூதராக இருந்தாரா?

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தூதருக்கு வேண்டிய வளைந்துகொடுக்கும் இயல்பும் கோபத்தை அடக்கும் பொறுமையும் அவரிடம் குறைவு என்பதே பொதுவான மதிப்பீடு. பணிபுரிந்த காலமும் எளிதானதாக இல்லை. 1881 மே 12-இல் பார்தோ உடன்படிக்கையால் துனீசியா பிரான்சின் பாதுகாப்புக்குள் வந்தபோது இங்கிலாந்தில் எழுந்த கசப்பு, வணிக ஒப்பந்தப் பேச்சின் இழுபறி, எகிப்து விவகாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1882 ஜனவரியில் காம்பெத்தாவின் அமைச்சரவை கவிழ்ந்ததும் அவரும் விலகினார்.

பேராசிரியர் ஒருவர் தவறான கருத்தைக் கேட்டால் திருத்துவார். தூதர் கேட்டுக்கொண்டு எழுதி அனுப்புவார். ஷால்மெல்-லாக்கூர் கடைசிவரை முதல் வகையினர்.

தனிமனித விடுதலையைப் போற்றியவர், அமைச்சரானதும் வியட்நாமை அடிமைப்படுத்தினார். இது முரண்பாடு இல்லையா?

முரண்பாடுதான், மழுப்புவதற்கில்லை. 1883 பிப்ரவரியில் ஃபெரியின் அமைச்சரவையில் வெளியுறவுத் துறையை ஏற்றார். வடவியட்நாமில் பிரான்சுக்கும் சீனாவுக்கும் செல்வாக்கைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றைப் பிரெஞ்சுத் தூதர் பூரே, சீன அரசியலாளர் லி ஹோங்சாங்குடன் பேசி முடித்திருந்தார். புதிய அரசு அதை நிராகரித்து பூரேயைத் திரும்ப அழைத்தது. மே 19 அன்று, அமைச்சரின் பிறந்த நாளிலேயே, ஹனோய்க்கு அருகில் கடற்படைத் தளபதி ஆன்ரி ரிவியேர் கொல்லப்பட்டார். கூடுதல் படைகள் புறப்பட்டன. ஆகஸ்ட் 25-இல், பீரங்கித் தாக்குதலுக்குப் பின், ஹுவே நகரிலிருந்த வியட்நாம் அரசவை பிரான்சின் பாதுகாப்பு ஆட்சியை ஏற்று ஒப்பமிட்டது. மறு ஆண்டு சீனாவுடன் போரே வந்தது. பூரேயின் ஏற்பாட்டை ஏற்றிருந்தால் எல்லாம் அமைதியாக முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சின் கதவை முதலில் சாத்தியது பாரிஸ் என்பதையும் மறுக்க முடியாது.

அவருடைய தலைமுறையின் பல குடியரசுவாதிகள், பிரான்சுக்குள் பேசிய உரிமைகளைக் கடல் கடந்த மக்களுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. அரசின் எல்லையை வகுத்த ஹும்போல்டைப் பற்றி எழுதியவரிடம் நாம் இன்னும் சற்று எதிர்பார்த்திருக்கலாம். அவர் கோபக்காரர் என்று முன்பு சொன்னதற்கு விதிவிலக்கு ஒன்றும் இவ்வாண்டில் உண்டு: மடகாஸ்கரின் தமதாவில் ஷா என்ற ஆங்கிலேயப் பாதிரியாரைப் பிரெஞ்சுக் கடற்படை கைது செய்ததால் எழுந்த நெருக்கடி, வருத்தம் தெரிவித்து 1,000 பவுண்டு இழப்பீடு தருவதுடன் அமைதியாக முடிந்தது. நவம்பரில் அவர் விலக, ஃபெரியே அத்துறையை எடுத்துக்கொண்டார்.

தீவிர இடதுசாரியாகத் தொடங்கி மிதவாதியாக முடிந்தார். கொள்கையை விற்றுவிட்டார் என்று சொல்லலாமா?

1872-இல் அவர் அமர்ந்தது தீவிர இடதுசாரி வரிசையில். 1890-களில் மிதவாதக் குடியரசுவாதிகளின் முதன்மைக் குரலாக இருந்தார். மாற்றம் மெல்ல மெல்ல வந்தது. லியோனில் கூட்டம் என்ன செய்யக்கூடும் என்று கண்டவர், 1880-களின் இறுதியில், குடியரசைக் கவிழ்த்துவிடுவாரோ என்று அஞ்சப்பட்ட தளபதி பூலாஞ்ஷேயைச் சுற்றி மீண்டும் கூட்டம் திரண்டபோது அஞ்சியதில் வியப்பில்லை. குடியரசின் அதிபரே அதன் குடலை உருவியதை இருபத்து நான்கு வயதில் பார்த்தவர் அவர். 1888 டிசம்பரில் செனட்டில் அவர் ஆற்றிய பூலாஞ்ஷே எதிர்ப்புரை அவருடைய சொற்பொழிவுகளில் தலையாயது. எதிரிகளைச் சாடியதோடு நில்லாமல், தம் கட்சியினரின் பிழைகளையும் அதில் எடுத்துச் சொன்னார்.

அவருடைய உண்மையான இடம் மேடைதான். தூதரகத்தில் இடைஞ்சலாக இருந்த அந்தத் திருத்தும் குணம் செனட்டில் மதிப்பாக மாறியது. 1893-இல் ஃபெரி இறந்ததும் செனட்டின் தலைவரானார்; அதே ஆண்டு, மறைந்த அறிஞர் ரெனானின் இடத்துக்குப் பிரெஞ்சு அக்காதெமியில் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1894 ஜூனில் அதிபர் கார்னோ கொலையுண்டபோது, புதிய அதிபரைத் தேர்ந்தெடுக்க வெர்சாயில் கூடிய இரு அவைகளின் கூட்டத்துக்கும் செனட்டின் தலைவர் என்ற முறையில் அவரே தலைமை ஏற்றார். கார்னோ குத்தப்பட்ட ஊர் லியோன்.

புதுச்சேரிக்கும் அவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் மூன்றாம் குடியரசின் அமைப்பில் பிரெஞ்சு இந்தியாவுக்கும் ஒரு செனட்டர் இடம் 1876 முதல் இருந்தது. ஆகவே அவர் தலைமை வகித்த செனட்டில் புதுச்சேரி, காரைக்கால் முதலிய பகுதிகளின் சார்பிலும் ஓர் உறுப்பினர் அமர்ந்திருந்தார்.

வாழ்க்கையில் நம்பிக்கை இல்லாத ஷோபன்ஹவரின் தத்துவத்தைப் போற்றியவர், நாற்பதைத் தாண்டிய பின் அரசியலில் இவ்வளவு உழைத்தது ஏன்?

இக்கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் மறைந்த பின், 1901-இல், அவருடைய குறிப்புகளும் சிந்தனைகளும் நூலாக வந்தபோது அதன் தலைப்பிலேயே 'அவநம்பிக்கைவாதி' என்ற சொல் இருந்தது. கால் நூற்றாண்டுக் காலம் அவை வரிசைகளில் அமர்ந்த ஒருவர் தனியறையில் எழுதிவைத்தவை அவை. உலகம் மேம்படும் என்ற உறுதி இல்லாதவருக்கும், ஓர் ஆட்சி சட்டத்தை மிதித்து வரக் கூடாது என்ற உறுதி இருக்கலாம் என்றே நான் புரிந்துகொள்கிறேன். முதல் உறுதி நம்பிக்கையிலிருந்து வருவது. இரண்டாவது 1851 டிசம்பரிலிருந்து வந்தது.

அவரை அறிய எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர்கள் மேலே குறிப்பிட்ட 1870 மார்ச் மாதக் கட்டுரையிலிருந்து தொடங்கலாம். வாதமும் வருணனையும் கலந்த அந்த நடையில் ஆசிரியர், பயணி, பேச்சாளர் மூவரும் தெரிகிறார்கள். செனட் உரைகள் 1897-இல் தொகுக்கப்பட்டன. அவற்றை அதற்குப் பிறகு படிப்பது நல்லது. கட்டுரையைப் படிக்கும்போது அதன் மாதத்தை மட்டும் நினைவில் வையுங்கள். ஃபிராங்க்ஃபர்ட் விடுதியின் மேசையில் ஒரு கிழவருடன் அமர்ந்திருந்ததைப் பற்றி எழுதியவர், அது அச்சாகி ஆறு மாதங்கள் நிறைவதற்குள், செங்கொடி பறக்கும் நகர மாளிகையின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்.